கைவேலைக்கு வணிகத் திட்டம்: ஐந்தாண்டுக் கணக்கை எதை வைத்து எழுதுவது?

கொட்டகலைத் தூரிகை

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டனில் வார இறுதியில் நடக்கும் தொழில் முயற்சியாண்மை வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். கைவினை, வடிவமைப்பு, ஒளிப்படம், இசை என்று படைப்புத் துறையில் இருப்பவர்களுக்காகவே நடத்தப்படும் வகுப்பு. நான் செய்வது துணிப் பைகள். தடித்த பருத்தித் துணியில் நானே வரைந்த கோட்டோவியங்களைத் திரை அச்சில் பதிக்கிறேன். பெரட்டுக்கு (தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகும் பெண்கள், கொழுந்து நிறுக்கும் மடுவம், லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) கூரையில் காயும் கம்பளி, இப்படியான படங்கள்.

அடுத்த மாதம் வணிகத் திட்டம் ஒப்படைக்க வேண்டும். ஒன்பது கட்டங்கள் கொண்ட பலகை ஒன்றைக் கொடுத்தார்கள். அதை எப்படியோ நிரப்பிவிட்டேன். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் பட்டியலும் ஆயிற்று. ஐந்தாண்டு விற்பனை எதிர்வுகூறலில்தான் மாட்டிக்கொண்டேன். ஐந்தாம் ஆண்டில் எத்தனை பை விற்பேன் என்று எதைப் பார்த்துச் சொல்வது? எனக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒவ்வோர் ஆண்டுக்கும் இருபது வீதம் கூட்டி எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவா ஒளி (பண்டாரவளை)

தங்கச்சி, அந்த இருபது வீதக்காரர் கெட்டிக்காரர். யாரும் படிக்கப் போகாத கட்டத்துக்கு அதற்கு மேல் உழைப்பு எதற்கு?

2018இல் இலங்கைக்கு 23 இலட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். அந்த ஆண்டில் எல்லவிலோ நுவரெலியாவிலோ கடை போட ஐந்தாண்டுத் திட்டம் எழுதியவர் என்ன எழுதியிருப்பார்? ஏறிக்கொண்டே போகும் என்றுதான். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள், அடுத்த ஆண்டு கொரோனா. 2021இல் வந்தவர்கள் 2 இலட்சத்தையும் எட்டவில்லை. அதே 2021ஐத்தான் ஐக்கிய நாடுகள் சபை படைப்பாக்கப் பொருளாதாரத்துக்கான சர்வதேச ஆண்டு என்று அறிவித்திருந்தது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள். 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. லென்ஸ் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, சேர்த்த காசு அப்படியே இருக்க, லென்ஸ் மட்டும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2024இல் பயணிகள் மறுபடியும் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். இதை எவர் எதிர்வுகூறினார்?

என்னிடம் இருப்பது பன்னிரண்டு மாதங்களுக்கான ஒரு தாள் மட்டுமே. கல்யாணப் படப்பிடிப்புதான் என் தொழில். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. தையிலும் ஆவணியிலும் ஒரே நாளில் மூன்று வீட்டார் கூப்பிடுவார்கள். பூப்புனித நீராட்டு விழாக்கள் பாடசாலை விடுமுறையில் வரும். எந்த மாதம் காசு வராது என்று தெரிந்தால், எந்த மாதம் கடன் தவணை கட்ட முடியாது என்பதும் தெரியும். எனக்கு அதற்கு மேல் திட்டம் தேவைப்பட்டதில்லை.

வங்கிக் கிழவர் (பதுளை)

ஊவா ஒளி தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கடன் விண்ணப்பங்களைப் படித்தே தலை நரைத்தவன் நான். ஐந்தாம் ஆண்டு எண்ணை எந்த வங்கி அதிகாரியும் நம்புவதில்லை. ஆனால் அந்த எண்ணுக்கு எப்படி வந்தாய் என்று கேட்போம். "ஒரு நாளில் இத்தனை அச்சடிக்கலாம், இத்தனை கடைகள் வாங்கும், மழைக் காலத்தில் பாதியாகும்" என்று சொல்பவருக்கும் "இருபது வீதம்" என்று சொல்பவருக்கும் உள்ள தூரம் அங்கேதான் தெரியும். எதிர்வுகூறல் என்பது சோதிடம் இல்லை மகள், உன்னுடைய ஊகங்களை நீயே எழுதிப் பார்ப்பது. ஊகம் பிழைத்தால் எந்த வரி பிழைத்தது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

அந்த ஒன்பது கட்டப் பலகை அலெக்சாண்டர் ஒஸ்டர்வால்டர் என்பவர் உருவாக்கியது. நல்ல கருவிதான். யாருக்கு விற்கிறாய், எப்படிப் போய்ச் சேர்கிறாய், செலவு என்ன என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். தெரியாதது ஒன்று: காசு எந்தத் திகதியில் வரும் என்பது. அதற்குக் காசுப் பாய்ச்சல் கூற்று வேண்டும்.

முதலில் உன் விலைக் கணக்கைச் சொல். ஐந்தாண்டைப் பிறகு பார்ப்போம்.

கொட்டகலைத் தூரிகை

ஐயா, துணிக்கும் தையல் கூலிக்கும் சேர்த்து 420 ரூபா. மை, திரை, பொதியுறை 60. மொத்தம் 480. விலை 1,000 ரூபா வைத்திருக்கிறேன். எல்லவில் ஒரு கடையில் பேசினேன்; விற்றால் 40 வீதம் அவர்களுக்கு, மீதி எனக்கு. ஒரு பையை அச்சடித்து, காயவைத்து, சூடு காட்டி, மடித்து முடிக்க ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகிறது.

வங்கிக் கிழவர்

1,000 ரூபாவில் கடைக்கு 400. உன் கைக்கு 600. அதில் 480 பொருளுக்குப் போக மிஞ்சுவது 120. அது இலாபம் இல்லை, ஒரு மணிநேரக் கூலி. எட்டு மணிநேரம் நின்றால் 960 ரூபா. தோட்டத் தொழிலாளர்கள் 2021இல் போராடிப் பெற்ற 1,000 ரூபா நாட்சம்பளத்தைக்கூட இது எட்டவில்லை. எல்லவுக்குப் போய்வரும் செலவு, அந்த நாளின் உழைப்பு, கரண்டு, பழுதாகிப்போன பைகள் எதுவும் இதில் இல்லை. வரைவதற்கு எடுத்த நேரமும் இல்லை.

மலைநாட்டில் கைவேலை செய்பவர்கள் எல்லோரிடமும் நான் கண்டது இதுதான். துணிக்குக் காசு போட்டது ஞாபகம் இருக்கும், தன் கைக்குப் போட வேண்டியது ஞாபகம் வராது. திட்டத்தில் செலவுப் பக்கத்தில் முதல் வரியாக உன் கூலியை எழுது. அதை எழுதியதும் 1,000 ரூபா விலை போதாது என்று தானாகவே தெரிந்துவிடும்.

எல்ல ரோட்டுக் கடை

பேச்சு எங்கள் பக்கம் வந்துவிட்டதால் சொல்கிறேன். அவர் பேசிய கடை எங்களுடையது இல்லை. ஆனால் 40 வீதம் என்றால் கொள்ளை என்று நினைக்க வேண்டாம். எல்லவில் வாடகை என்ன என்று விசாரித்துப் பாருங்கள். சிங்களம், ஆங்கிலம் இரண்டும் பேசத் தெரிந்த ஒருவரை நாள் முழுக்க நிறுத்த வேண்டும். மழை பிடித்தால் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வந்தவர்கள் அறையை விட்டே இறங்க மாட்டார்கள்.

தங்கச்சி தீர்மானிக்க வேண்டியது வேறு. விற்ற பிறகு காசு தரும் முறையா, கடைக்காரர் அப்போதே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் முறையா? கையோடு வாங்கினால் நாங்கள் பாதி விலைதான் தருவோம், ஏனென்றால் விற்காவிட்டால் நட்டம் எங்களுக்கு. உங்களுக்குப் பங்கு குறையும். ஆனால் அன்றைக்கே காசோடு பஸ் ஏறலாம்.

இன்னொன்று. 1,000 ரூபா வெளிநாட்டவருக்கு நம்பிக்கை தராத விலை. சந்தையில் கிடைக்கும் சாதாரணப் பை என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். 1,800 வையுங்கள். யார் வரைந்தது, எங்கே அச்சடித்தது, படத்தில் இருப்பது என்ன என்று மூன்று மொழியிலும் சிறு அட்டை ஒன்றைக் கட்டுங்கள். உள்ளூர்ப் பயணிகளுக்கு 1,800 அதிகம். அவர்களுக்கு அதே படத்தில் தபாலட்டை போடலாம். ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வரும் கூட்டம் பெரும்பாலும் நம் நாட்டுக் கூட்டம், மறக்க வேண்டாம்.

வங்கிக் கிழவர்

கடைக்காரர் நல்ல கணக்குச் சொன்னார். 1,800இல் 40 வீதம் போனால் 1,080 மிஞ்சும். பொருட்செலவு கழித்தால் 600. கையோடு விற்றால் 900இல் 480 போக 420. முதலாவது கண்ணுக்கு அழகு. ஆனால் நூறு பை செய்ய 48,000 ரூபா போட வேண்டும். அது கடையில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அடுத்த நூறை அச்சடிக்க இன்னொரு 48,000 வேண்டும். ஆக நீ தேட வேண்டிய மூலதனம் 96,000. "ஒரு பைக்கு 600 இலாபம்" என்று சந்தோஷமாக இருக்கும்போதே தொழில் நின்றுபோவது இப்படித்தான். இரண்டையும் கலந்து செய்: ஒரு பங்கைக் கையோடு விற்றுத் துணிக்காசை மீட்டுக்கொள், மற்றதைத் தொங்கவிடு.

தப்பொலி (மஸ்கெலியா)

ஐயா, 96,000 என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். தோட்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு எந்த வங்கி கொடுக்கும்? வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இல்லை. லயத்துக் காம்பரா (அறை) தோட்டத்துக்குச் சொந்தம். அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேரைப் பிணைக்குக் கேட்கிறார்கள்; எங்கள் டிவிசனில் அப்படி ஒருவர்கூட இல்லை. கூரியர்காரருக்கு விலாசம் சொல்வதே பெரும்பாடு. கடிதம் தோட்ட ஆபிஸுக்கு வந்து, அங்கே கிடந்து, பிறகுதான் வீட்டுக்கு வரும். இதற்கெல்லாம் வகுப்பில் கட்டம் இருக்கிறதா?

வங்கிக் கிழவர்

கட்டம் இல்லை. வங்கிகள் செய்வது சரி என்றும் சொல்ல வரவில்லை. தோட்டத்துப் பெண்கள் தொழில் தொடங்கியது பெரும்பாலும் சீட்டுக் காசிலும் நகை அடகிலும்தான். திட்டத்தில் "சொந்த முதலீடு" என்று அழகாக எழுதிவிடுவார்கள். நான் கேட்பது, அதை உள்ளபடியே எழுத வேண்டும் என்று. சீட்டு எந்த மாதம் விழும், அடகை எப்போது மீட்பாய், வட்டி எவ்வளவு. வீடு தேடி வந்து கிழமைக்குக் கிழமை தவணை வசூலிக்கும் நுண்கடனை மட்டும் இந்தத் தொழிலுக்கு எடுக்காதே. பை விற்ற காசு மூன்று மாதத்தில் வரும். தவணைக்காரர் அடுத்த கிழமையே வருவார்.

பெயர்ப் பதிவு பிரதேச செயலகம் வழியாகச் செய்யலாம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும். இடம் யாருடையது என்று கேட்பார்கள், தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தை முன்கூட்டியே கேட்டு வை. வரியைப் பற்றி இப்போது பயப்படாதே: 2025 ஏப்ரலில் இருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்குத் தனிநபர் நிவாரணம் (வரி விலக்கு) இருக்கிறது.

தப்பொலி

சரி. இன்னொரு கேள்வியும் இருக்கிறது, இது தங்கச்சிக்கு. தேயிலைப் பெட்டியில் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படத்தை உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். மலையகத்தின் மிகப் பெரிய படைப்புத் தொழில் அதுதான் என்பேன். அதில் அந்தப் பெண்ணுக்கு ஒரு சதம்கூட வந்ததில்லை. நீங்கள் லயத்தையும் கம்பளியையும் வரைந்து எல்லவில் விற்றால் அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? குத்தலுக்காகக் கேட்கவில்லை. எங்கள் குழுவுக்குள்ளும் இதே சண்டை நடக்கிறது.

நாங்கள் தப்பு என்ற தோல் மேளம் அடிப்பவர்கள். ஹோட்டல்காரர்கள் வந்து காமன் கூத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் ஆடிக் காட்டச் சொல்கிறார்கள். மாசியில் கம்பம் ஊன்றி, விரதம் இருந்து, ஊரே கூடிச் செய்வதை டிசம்பரில் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் எப்படி ஆடுவது? பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். தப்பு மட்டும் அடிக்கிறோம். அதற்கு ஆள் கூலி, வேன், ஒத்திகை நாள், தோல் மாற்றும் செலவு எல்லாம் எழுதி ஹோட்டலிடம் கையெழுத்து வாங்குகிறோம். "சாப்பாடு தருகிறோம், உங்களுக்கும் விளம்பரம்தானே" என்று இப்போதும் சொல்கிறார்கள். தப்படிப்பதை ஒரு சாதியின் தலையில் கட்டி, சாவு வீட்டில் சாராயமும் சில்லறையும் கொடுத்து அனுப்பிய ஊர் இது. கூலியை எழுத்தில் கேட்பது எங்களுக்கு வியாபார நுணுக்கம் மட்டும் இல்லை.

கண்டி வடிவமைப்பு

தப்பொலி அண்ணா, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை ஒருமுறை பாருங்கள். நாட்டார் கலை வெளிப்பாடுகளை அவற்றின் மரபான சூழலுக்கு வெளியே வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்துவதில் இருந்து அது பாதுகாப்பு அளிக்கிறது. நடைமுறையில் யார் போய்க் கேட்பது என்பது வேறு கதை. ஆனாலும் ஹோட்டலோடு பேசும்போது சட்டத்தின் பெயரைச் சொன்னால் பேச்சின் தொனி மாறும்.

தூரிகை, உங்கள் ஓவியங்களுக்குப் பதிப்புரிமை கிடைக்க எங்கேயும் பதிய வேண்டியதில்லை. வரைந்த உடனேயே உங்களுடையது. ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நிற்கும். பயன்படு கலைக்கு, அதாவது பயன்பாட்டுப் பொருளோடு சேர்ந்த கலைவேலைக்கு, 25 ஆண்டுகள்தான். கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று. யாராவது உங்களிடம் வரையச் சொல்லிக் கட்டளை கொடுத்தால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரைக்கும் பொருளாதார உரிமை (படத்தை வைத்துச் சம்பாதிக்கும் உரிமை) கட்டளை கொடுத்தவருக்குப் போய்விடும். பல நாடுகளில் நேர்மாறாக இருக்கிறது. அதனால் வெளிநாட்டு இணையப் பாடங்களைப் படித்துவிட்டு "நான் வரைந்தேன், அதனால் என்னுடையது" என்று நம்பியிருப்பவர்கள் நிறையப் பேர்.

கொட்டகலைத் தூரிகை

அக்கா, நல்ல வேளை சொன்னீர்கள். தலவாக்கலைப் பக்கம் ஒரு விடுதிக்காரர் சுவருக்கும் உணவுப் பட்டியலுக்கும் படங்கள் கேட்டிருக்கிறார். "காசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

கண்டி வடிவமைப்பு

ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதுங்கள், போதும். எத்தனை படம், எங்கே பயன்படுத்தலாம், எத்தனை ஆண்டுக்கு, பைகளிலும் தபாலட்டைகளிலும் பயன்படுத்தும் உரிமை உங்களிடமே இருக்கும், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள். "எத்தனை முறை" என்பதை விட்டுவிடாதீர்கள். விடுதிக்காரரின் மைத்துனருக்கும் ஓவியத்தில் அபிப்பிராயம் இருக்கும்.

ஊவா ஒளி

பாதிக் காசு முன்பணம். அது வராமல் பென்சிலைத் தொடாதே.

கொட்டகலைத் தூரிகை

தப்பொலி அண்ணாவின் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை, அதனால்தான் சில நாட்கள் வரவில்லை. கூடையோடு நான் வரைந்த பெண் என் பெரியம்மா. மடுவத்தில் நிற்பவர்கள் எங்கள் லயத்து ஆட்கள். அவர்களிடம் காட்டினேன். ஒருவர் மட்டும் தன் முகம் வேண்டாம் என்றார், அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். மற்றவர்களுக்கு ஒரு பைக்கு 20 ரூபா என்று கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பெரியம்மாதான் "முதலில் நீ சம்பாதி" என்று திட்டினார்.

வகுப்பில் ஆசிரியரிடமும் பேசினேன். முதல் ஆண்டை மாத மாதமாகவும், அதற்குப் பின் உள்ள ஆண்டுகளை ஊகங்களோடு ஒரு பக்கத்திலும் எழுதலாம் என்று ஒப்புக்கொண்டார். டிசம்பர் முதல் மார்ச் வரை எல்ல, ஏப்ரலில் நுவரெலியாவுக்குத் தபாலட்டை. சிவனொளிபாதமலைப் பருவத்துக்கு நல்லதண்ணியில் ஏதாவது போடலாமா என்று யோசித்தேன். இரவில் மலை ஏறுகிறவர்கள் பை வாங்குவார்களா தெரியாது, அதை "ஊகம்" பக்கத்தில் போட்டிருக்கிறேன். ஜூன், ஜூலை மழையில் திரை அச்சு காயாது; அந்த மாதங்களில் வரையும் வேலைகளை மட்டும் எடுப்பதாக எழுதியிருக்கிறேன்.

வங்கிக் கிழவர்

இது திட்டம். மழையில் மை காயாது என்று எழுதிய விண்ணப்பத்தை நான் வேலையில் இருந்தபோது பார்த்ததே இல்லை.

அந்த 20 ரூபாவை எங்கே எழுதியிருக்கிறாய்? "இலாபத்தில் இருந்து கொடுப்பேன்" என்று எழுதியிருந்தால் அழித்துவிடு. இலாபம் வராத மாதத்தில் பெரியம்மாவுக்கும் ஒன்றும் வராது. துணி, மை, தையல் கூலிக்குக் கீழே நேரடிச் செலவாக எழுது. பொருட்செலவு 480இல் இருந்து 500 ஆகும், கணக்கும் சுலபம்.

தப்பொலி

பெரியம்மா வேண்டாம் என்று சொன்னாலும் எழுதுங்கள். எத்தனை பை விற்றது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும், ஒரு கொப்பியில் திகதி போட்டு வையுங்கள். நாங்கள் குழுவில் அப்படித்தான் செய்கிறோம். சண்டை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

எல்ல ரோட்டுக் கடை

தங்கச்சி, டிசம்பருக்கு முன் மாதிரிகள் கொண்டுவாருங்கள். முதலில் முப்பது பை போதும். பத்தைக் கையோடு வாங்குகிறேன், இருபதைத் தொங்கவிடுவோம். மாதக் கடைசியில் கணக்கு. அட்டையில் சிங்கள வரி பிழையில்லாமல் இருக்க வேண்டும், அனுப்புங்கள், நான் பார்த்துத் தருகிறேன். பைகளை நல்ல ஒளிப்படம் எடுக்க வேண்டுமென்றால் ஊவா ஒளி தம்பி பக்கத்தில்தானே இருக்கிறார்.

ஊவா ஒளி

இருக்கிறேன். ஆடியில் வந்தால் விலை குறைவு. முன்பணம் பாதி.